கருப்பியின் கண் ஏன் பொம்மைக் கண் ஆனது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஓமலூர் பக்கம். அப்பா முப்பது வருடமாகச் சேலம் கருப்பு ஆடு வளர்க்கிறார். அவருக்கு ரொம்பப் பிடித்த கருப்பியைக் கலர் பென்சிலில் வரைந்தேன். காதும் கொம்பும் ரோமமும் அப்படியே இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அப்பா மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆடு நல்லாத்தான் இருக்குது கண்ணு, ஆனா இது நம்ம கருப்பி இல்லியே. கண்ணு பொம்மைக் கண்ணாட்டம் இருக்குது" என்றார். ராத்திரி கொட்டகையில் போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தது. 24 நிறப் பெட்டி, சார்ட் காகிதம். கறுப்பை நன்றாக அழுத்தித் தீட்டினேன். அதன் மேல் வெள்ளைப் பென்சில் ஏறவே இல்லை. ஒரு வாரத்தில் கறுப்பு முழுவதும் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. வெளிநாட்டுப் பென்சில் வாங்கினால் சரியாகுமா? அதே படத்தில் கண்ணை மட்டும் திருத்த முடியுமா? படத்தையும் போட்டோவையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு, வணக்கம்.

முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கே பிழை என்று அவர் விரல் வைத்துக் காட்டிவிட்டார். ஆடு வளர்ப்பவர்கள் ஆட்டின் உடம்பைக் கண்ணில்தான் படிக்கிறார்கள். தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்கும் ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார்கள். உள்சதை வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லிவிடுவார்கள். அப்படி முப்பது வருடம் பார்த்தவர் "இது நம்ம கருப்பி இல்லை" என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சேலத்தில் இருபத்திரண்டு வருடமாக விலங்கு முகங்களை வரைகிறேன், வரையச் சொல்லியும் கொடுக்கிறேன். இன்றும் ஒரு படம் முடிந்தால் முதலில் காட்டுவது அந்த விலங்குக்குத் தீனி வைக்கிறவரிடம்தான்.

பென்சில் பற்றிய கேள்விக்குப் பதில் சின்னது. வெளிநாட்டுப் பென்சில் இப்போது வேண்டாம், அந்தப் பணத்தில் காகிதம் வாங்குங்கள். வழவழப்பான சார்ட் காகிதத்தில் நிறம் பற்றிக்கொள்ள இடமில்லை. இரண்டு மூன்று பூச்சு ஏறியதும் மெழுகு வழுக்கத் தொடங்கிவிடும். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) கனத்தில் 'ஹாட் பிரஸ்' (சொரசொரப்பு குறைந்த) வாட்டர்கலர் காகிதம் என்று கேட்டு ஒரு பெரிய தாள் வாங்கி, எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பென்சில்களில் ஃபேபர் காஸ்டெலின் பாலிக்ரோமோஸ் எண்ணெய் சேர்ந்த பென்சில், அதன் நுனி கூர்மையாக நிற்கும். பிரிஸ்மாகலர் மெழுகுப் பென்சில், வெண்ணெய் போலப் பரவும். நம் ஊர் சித்திரை வெயிலில் இன்னும் இளகும். இரண்டும் அருமையானவைதான். ஆனால் 120 நிறப் பெட்டியை வைத்துக்கொண்டு வரைந்திருந்தாலும் நீங்கள் இதே கண்ணைத்தான் வரைந்திருப்பீர்கள். ஏனென்றால் அந்தப் போட்டோவில் கருப்பியின் கண் இல்லை.

இரவில், கொட்டகைக்குள், ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் அது. ஆடு, மாடு, நாய், பூனை எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தை இரண்டாவது தடவையும் பயன்படுத்திக்கொள்ள அமைந்தது அது. நமக்கு அது கிடையாது. ஃபிளாஷ் ஒளி அதில் பட்டுத் திரும்பியதால்தான் கண்ணின் நடுப்பகுதி பச்சையும் நீலமுமாக மின்னுகிறது. இருட்டில் கண்மணி முழுசாக விரிந்து ஏறக்குறைய வட்டமாக நிற்கிறது. ஃபிளாஷ் பல்பின் பிரதிபலிப்பு நட்ட நடுவில் குத்திட்டு ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கிறது. நீங்கள் நேர்மையாக அதைப் பார்த்து ஒரு கறுப்பு வட்டமும் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் வரைந்தீர்கள். சட்டைப் பொத்தானும் அப்படித்தான் இருக்கும். அப்பா பகலில் பார்க்கும் கருப்பிக்கு அந்தக் கண் கிடையாது.

பகலில் போய்ப் பாருங்கள். நடுவிலுள்ள கறுப்புத் துளையைக் கண்மணி என்றும், அதைச் சுற்றிய நிற வளையத்தைக் கருவிழி என்றும் சொல்லிக்கொள்வோம். பெயர்தான் கருவிழி, கருப்பிக்கு அது தேன் நிறம். வெள்ளாட்டின் கண்மணி படுக்கை வாட்டத்தில் நீளமாக, மூலை மழுங்கிய செவ்வகமாக இருக்கும். உச்சி வெயிலில் ஒரு தீக்குச்சியளவு ஒடுங்கிக் கிடக்கும். பொழுது சாயச் சாய அகலும். அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வரைந்துவிடாதீர்கள். அந்த விளிம்பில், முக்கியமாக மேல்பக்கத்தில், சின்னச் சின்னக் கறுப்பு முடிச்சுகள் துருத்திக்கொண்டிருக்கும். ஆடு, மாடு, குதிரைகளின் கண்ணில் அவை உண்டு. அந்த மேடுபள்ளத்தை இரண்டே இடத்தில் காட்டினாலும் ஆட்டுக்கண் ஆட்டுக்கண்ணாகிவிடும்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆடு மேயத் தலையைக் குனியும்போது கண்மணியும் சாய்ந்துவிடும் என்றுதானே நினைப்போம்? அது சாயாது. கண் குழிக்குள்ளேயே உருண்டு திரும்பி, கண்மணியைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 214 நிலவாழ் விலங்கினங்களின் கண்மணி வடிவத்தை ஒப்பிட்டார்கள். மேய்கிற விலங்குகளுக்குப் பெரும்பாலும் படுக்கை வாட்டம், பதுங்கிப் பாயும் சிறிய விலங்குகளுக்குச் செங்குத்து. படுக்கை வாட்டக் கண்மணி தரையோரமாக எந்தப் பக்கத்திலிருந்து எதிரி வந்தாலும் காட்டிக்கொடுக்கும். குனிந்து மேயும்போது ஒவ்வொரு கண்ணும் 50 பாகைக்கு மேலும் சுழலும் என்று அவர்கள் கண்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஆட்டுக்குப் பக்கத்தில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்தால் இதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் முதல் நல்ல கைத்திறன் உள்ளவர்கள் வரை, குனிந்து மேயும் ஆட்டை வரையும்போது முகத்தோடு சேர்த்துக் கண்மணியையும் சாய்த்துவிடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களில் ஆடு மயங்கி விழப்போவது போல இருக்கும்.

புதிய போட்டோ காலையில் எடுங்கள். வெயிலில் வேண்டாம், கொட்டகைத் தாழ்வாரத்தின் நிழலில் ஆட்டை வெளிப்பக்கம் பார்த்து நிற்க வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, உங்கள் முகம் ஆட்டின் முக உயரத்துக்கு வரும்படி உட்கார்ந்து, இரண்டடி தள்ளியே இருந்து எடுங்கள். ரொம்பக் கிட்டத்தில் போனை நீட்டினால் மூக்கு பெருத்துக் கண் சிறுத்துவிடும்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைப் பொட்டு நடுவில் இருக்காது. கண்ணின் மேல்பாதியில், கண்மணியின் ஒரு பகுதியையும் கருவிழியின் ஒரு பகுதியையும் சேர்த்து மூடிக்கொண்டு, ஒழுங்கில்லாத ஒரு வெளிச்சத் திட்டு தெரியும். அது வானம். கண்ணின் மேல் கண்ணாடி போல ஒரு சவ்வு இருக்கிறது, எப்போதும் ஈரமாக. எதிரே இருப்பதெல்லாம் அதில் விழும். திட்டின் மேல் ஓரம் இமை மயிர்களின் நிழலால் சீப்புப் பல் போல அறுபட்டிருக்கும். கீழ் ஓரத்தில் தென்னையோ வேலியோ கூரையோ கறுப்பாக வெட்டும். அதற்குக் கீழே மண் தரையின் பழுப்பு. நீங்கள் எடுக்கும்போது அப்பாவைத் தழையோடு ஆட்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். வானத் திட்டின் நடுவே அவர் தலையும் தோளும் ஒரு சின்னக் கறுப்பு உருவமாகத் தெரியும். அதை நீங்கள் கற்பனையில் சேர்க்க வேண்டியதே இல்லை, இருக்கும். எனக்கு ஒரு முறை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டில், இறந்துபோன நாயை வரையச் சொன்னார்கள். கொடுத்த போட்டோ கலங்கல். அது எங்கே படுக்கும் என்று கேட்டேன். வாசற்படியில், தெருவைப் பார்த்து என்றார்கள். அங்கே போய் உட்கார்ந்து, அந்த இடத்திலிருந்து தெரியும் வெளிச்சத்தைக் குறித்துக்கொண்டேன். கண்ணில் வைத்தது அந்த வாசலின் நீள்சதுரத்தைத்தான். அந்த வீட்டு அம்மா படத்தில் முதலில் தொட்ட இடம் அதுதான்.

இனி நிறம். நீங்கள் கருவிழியை முழுக்க ஒரே மஞ்சளாகத் தீட்டியிருக்கிறீர்கள். அது தட்டையாகத் தெரிய அதுவே காரணம். சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஜவ்வரிசி போதும். வெந்த ஜவ்வரிசி ஒன்றைக் கரண்டி நுனியில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வரும் பக்கத்தில் மேலே ஒரு சின்ன மினுக்கம் இருக்கும். ஆனால் உருண்டை உள்ளிருந்து ஒளிர்வது அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில். கண்ணிலும் அப்படித்தான். வானம் இடது மேலிருந்து ஒளி தந்தால், அந்த ஒளி மேல்சவ்வில் வளைந்து உள்ளே போய்க் கருவிழியின் வலது கீழ்ப்பகுதியில் விழும். அங்கேதான் தேன் நிறம் மிகப் பிரகாசமாக இருக்க வேண்டும். மேல்பகுதியில் இமையின் நிழல் கிடக்கும், எனவே அங்கே அடர் பழுப்பு. இந்த ஒன்றைச் சரியாக வைத்தால் கண் தானாகவே உருண்டையாகிவிடும். இதை விட்டுவிட்டு நரம்பு நரம்பாக ஆயிரம் கோடு இழுத்தாலும் பயனில்லை.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு கண், எட்டு சென்டிமீட்டர் அகலத்தில். எச்.பி. பென்சிலால் மிக இலேசாக எல்லையை வரைந்து, வானத் திட்டின் எல்லையையும் இப்போதே வரைந்துவிடுங்கள். அதற்குள் கடைசிவரை எந்த நிறமும் போகக் கூடாது. கறுப்பின் மேல் வெள்ளைப் பென்சில் ஏறாது. பென்சில் நிறம் பெயின்ட் மாதிரி மூடிக்கொள்ளாது, கீழே இருப்பதைக் காட்டும். ஆகவே கலர் பென்சில்காரருக்கு வெள்ளை என்றால் காகிதம்தான். கீழ் இமையோரம் கண்ணீர் தேங்கி மின்னுகிற அந்த மெல்லிய ஈரக்கோட்டுக்கும், தனித்து நிற்கும் வெளிர் ரோமங்களுக்கும் ஒரு வழி உண்டு. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் காகிதத்தில் அழுத்திக் கோடு இழுத்துவிடுங்கள். மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தீட்டும்போது அந்தப் பள்ளத்துக்குள் நிறம் இறங்காது, கோடு வெள்ளையாகவே நிற்கும்.

முதல் பூச்சு வெளிர் மஞ்சள் காவி, கருவிழி முழுவதும், பென்சிலின் எடை தவிர வேறு அழுத்தம் இல்லாமல். அதன் மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, கண்மணி விளிம்பிலிருந்து வெளியே போகும் சின்னக் கீற்றுகளாக. எல்லாம் ஒரே நீளத்தில் வேண்டாம், சைக்கிள் சக்கரக் கம்பியாகிவிடும். பிறகு மேல்பகுதியில் அடர் பழுப்பு நிழல். கருவிழியின் வெளி ஓரத்தைச் சுற்றி அதே பழுப்பில் ஒரு மங்கலான வளையம், அது உள்நோக்கிக் கரைந்து போக வேண்டும். கண்மணிக்கு நேரே கறுப்பை எடுக்காதீர்கள். கருநீலம் ஒரு பூச்சு, அடர் பழுப்பு ஒரு பூச்சு, மறுபடி கருநீலம், கடைசியில்தான் கறுப்பு, அதுவும் இமை நிழல் விழும் மேல்பாதியில் மட்டும். பெட்டிக் கறுப்பு தனியாக நின்றால் செத்த நிறமாக இருக்கும். நீலமும் பழுப்பும் சேர்ந்த கறுப்புக்கு ஆழம் உண்டு, எட்டிப் பார்த்தால் கிணறு போல. உங்கள் 24 நிறப் பெட்டியில் இத்தனையும் இருக்கும்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கொலுசுப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். மெருகு போட்ட வெள்ளிக்குப் பக்கத்தில் வெட்டுக்குள் கறுப்பு இறங்கியிருப்பதால்தான் அது அப்படி மின்னுகிறது. வானத் திட்டை ஒட்டிய இடத்தில் படத்திலேயே அடர்த்தியான கறுப்பை வையுங்கள், எல்லை கூர்மையாக. திட்டின் உள் ஓரத்தில் மட்டும் வெளிர்நீலம் ஒரு மூச்சளவு, நடு மட்டும் வெறும் காகிதமாக. கடைசியில் ஒரு துளி வெள்ளை ஜெல் பேனா வைத்தால் தவறில்லை. நான் வைப்பதுண்டு, ஒரே ஒரு துளி.

இமைக்குக் கறுப்புக் கோடு போட்டுச் சுற்றி அடைத்திருக்கிறீர்கள், மை தீட்டியது போல. ஆட்டின் இமை ஓரத்துக்குத் தடிமன் உண்டு. அது ஒரு சின்னத் திண்ணை. திண்ணையின் மேல்பரப்பில் ஒளி விழும், அடியில் நிழல். சேலம் கருப்புக்கு உடம்பெல்லாம் பளபளக்கும் கறுப்பு என்பதால் அந்தத் திண்ணையையும் சுற்றியுள்ள ரோமத்தையும் கருநீலத்திலேயே ஆரம்பித்து, வெயில் படுகிற பக்கம் பழுப்பு, வானம் படுகிற பக்கம் நீலம் என்று பிரித்துவிடுங்கள். கண்ணைச் சுற்றிய ரோமம் மிகக் குட்டை. மூக்குப் பக்க முனையிலிருந்து கிளம்பிக் கண்ணைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகும், ஓடைத் தண்ணீர் பாறையைச் சுற்றுவது போல.

சாம்பல் பூத்தது பற்றி: அது பூஞ்சை அல்ல, மெழுகு. மெழுகுப் பென்சிலை அழுத்திக் கனமாகப் பூசினால் சில நாட்களில் மெழுகு மேலே எழும்பி வெண்படலமாக நிற்கும். கறுப்பிலும் கருநீலத்திலும்தான் கண்ணுக்குத் தெரியும். மெல்லிய பருத்தித் துணியால் அழுத்தாமல் ஒற்றித் துடைத்தால் போய்விடும். பிறகு நிறத்தைக் காகிதத்தில் நிலைநிறுத்தும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரேயை ஒரு அடி தள்ளி வைத்து, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். இலேசான கையால் பல பூச்சு பூசினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

கருப்பியோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரைச் சுற்றியே பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. மேச்சேரிச் செம்மறி ஆட்டின் கண்ணைக் கருப்பியின் கண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செம்மறிக்கும் கண்மணி படுக்கைதான், ஆனால் வெளிர்ப் பழுப்பு ரோமத்துக்கு நடுவே அந்தக் கண் முற்றிலும் வேறாகத் தெரியும். வேப்ப மரத்து ஆண் குயிலுக்குச் சிவப்புக் கண், வேலியோரத்துச் செம்போத்துக்கும் அப்படியே. பூனைக்கு வெயிலில் செங்குத்துக் கீற்று, ஆனால் புலிக்கும் சிறுத்தைக்கும் வட்டம். பூனையைப் பெரிதாக்கிப் புலி வரைகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். நாயின் கண்ணில் மூக்குப் பக்க மூலையில் மூன்றாவது இமையின் சிறு ஓரம் தெரியும், அதை விட்டுவிட்டால் மனிதக் கண்ணாகிவிடும்.

ஏற்காட்டுக்குப் போனால் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். அங்கே மூடுபனி இறங்கிய காலையில் ஏதாவது ஒரு மாட்டின் கண்ணைப் பாருங்கள். மாட்டுக்குக் கருவிழியும் கண்மணியும் ஏறக்குறைய ஒரே கருமை, நிறத்தை வைத்து அங்கே எதுவும் செய்ய முடியாது. கண் முழுவதுமே பிரதிபலிப்புதான். சேலத்து வெயிலில் அந்த வானத் திட்டுக்குக் கத்தி வெட்டியது போல ஓரம் இருக்கும். ஏற்காட்டுப் பனியில் வானமே ஒரு பெரிய வெள்ளைத் திரை ஆகிவிடுவதால் திட்டு அகன்று, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கருமைக்குள் கரையும். ஒரே மாடு, ஒரே கண், மலை ஏறியதும் வேறு படம். நான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்த பிறகுதான் என் கை மாறியது. காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை நின்றால் அதன் கண்ணும் இப்படித்தான் இருக்கும். ஆனால் அதை ரோட்டிலிருந்து, வண்டிக்குள் இருந்தபடி பார்த்தால் போதும். படத்துக்காகக் கிட்டே போகவே போகாதீர்கள். இன்னொன்று, மலையில் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நிறம் திட்டுத்திட்டாக ஏறும். அங்கே பென்சிலில் குறிப்பு மட்டும் எடுத்துவந்து வீட்டில் தீட்டுங்கள்.

கடைசிக் கேள்வி. அதே படத்தில் கண்ணைத் திருத்த முடியுமா? முடியாது. அந்த இடத்தில் காகிதம் மெழுகால் நிரம்பிவிட்டது. பிளேடால் சுரண்டினால் சார்ட் காகிதம் பிய்ந்துவிடும். ஆனால் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். காது மடலின் உள்நரம்பும், கழுத்தில் ரோமம் சுழி போட்டுத் திரும்பும் இடமும் அதில் அவ்வளவு அழகாக வந்திருக்கின்றன. புதுப் படத்தில் அவற்றை இதைப் பார்த்தே வரையலாம். புதுப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டும்போது நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள். கண் மூலைச் சதைக்கு நீங்கள் வைக்கும் இளஞ்சிவப்புதான் முதலில் வெளிறும்.

முதலில் அந்த ஒற்றைக் கண்ணை முடியுங்கள். முடித்ததும், எந்த ஆடு என்று சொல்லாமல் அப்பா கையில் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.